இருபத்தைந்து வருஷம் கழித்து வந்த நன்றி

ஆடிப்பூரத் திருவிழா சமயத்தில் நெல்லையப்பர் கோயிலுக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நாலாம் திருநாள் அன்று காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு. பத்தாம் நாள் முளைக்கட்டு. ஊறவைத்து முளைவிட்ட பயறை அம்மன் மடியில் கட்டி, அம்மனை நிறைமாத கர்ப்பிணியாகப் பாவித்து பூஜை நடக்கும். அந்தப் பயறைப் பிரசாதமாக வாங்கினால் குழந்தை பிறக்கும் என்பது நம்ம ஊர் நம்பிக்கை. அதுக்காகவே வருகிற பெண்கள் நிறைய பேர். உவரி அந்தோணியார் கோயிலுக்கும், பொட்டல்புதூர் தர்காவுக்கும் இதே வேண்டுதலோடு போகிறவர்கள் உண்டு. எந்த மதம்னு அங்கே யாரும் கேட்கிறதில்லை.

அதே தம்பதிகள்தான் மறுநாள் காலையில் ஸ்கேன் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு கருத்தரிப்பு மையத்தில் டோக்கனுக்குக் காத்திருப்பார்கள். கோயிலுக்கும் போவார்கள், டாக்டரிடமும் போவார்கள். ரெண்டுக்கும் நடுவில் அவர்களுக்குச் சண்டையே கிடையாது. குழந்தை பிறந்ததும் சாமிக்குத் தொட்டில் கட்டுவார்கள், டாக்டருக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோவார்கள். பல வருஷம் ஏங்கிப் பெற்ற குழந்தையை டாக்டர் கையில் கொடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

இந்தியாவில் அந்த ஸ்வீட் பாக்ஸை ஊரறிய வாங்கியிருக்க வேண்டிய முதல் டாக்டருக்கு அது கிடைக்கவில்லை. அவர் பெயர் சுபாஷ் முகோபாத்யாய். சுபாஷ் முகர்ஜி என்றும் எழுதுவார்கள். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தையை உருவாக்கியவர். இன்றைக்கு ஐ.வி.எஃப். பற்றிப் பேசும் நம்மில் பலருக்கு அவர் வாழ்க்கை தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஹசாரிபாக்கில் இருந்து எடின்பரோ வரை

சுபாஷ் 1931 ஜனவரி 16 அன்று ஹசாரிபாக்கில் பிறந்தார். இப்போது அந்த ஊர் ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கிறது. கல்கத்தாவில் படித்தார். உடலியங்கியலில் பட்டம், பிறகு கல்கத்தா நேஷனல் மெடிக்கல் காலேஜில் எம்.பி.பி.எஸ். 1955-ல் டாக்டர் ஆனார்.

அந்தக் காலத்தில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஒரு கிளினிக் போட்டாலே வாழ்க்கை செட்டில். இவர் அந்தப் பக்கம் போகவில்லை. இனப்பெருக்க உடலியங்கியலில் ஆராய்ச்சி செய்து 1958-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. வாங்கினார். அதோடும் விடவில்லை. ஸ்காட்லாந்துக்குப் போய், இனப்பெருக்க ஹார்மோன்கள் பற்றி ஆராய்ந்து, 1967-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இரண்டாவது பி.எச்டி.யும் வாங்கினார். ரெண்டு பி.எச்டி. கையில் இருந்த அவருக்கு வெளிநாட்டிலேயே தங்கிவிடுவது பெரிய விஷயமாக இருந்திருக்காது. ஆனால் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார். என்.ஆர்.எஸ். மெடிக்கல் காலேஜிலும், பிறகு பாங்குரா மெடிக்கல் காலேஜிலும் பாடம் எடுத்தார். அரசு சம்பளம், அரசு டிரான்ஸ்ஃபர், கிடைத்த இடத்தில் லேப்.

அவரைத் தேடி வந்தவர்கள் குழந்தை இல்லாத தம்பதிகள். 1970-களின் கல்கத்தாவில் கல்யாணமாகி சில வருஷத்துக்குள் குழந்தை இல்லை என்றால் ஒரு பெண்ணுக்கு என்னென்ன பெயர் கிடைத்திருக்கும் என்று நாம் தனியாக விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் நம்ம தெருக்களில் அதே கேள்விதான்: விசேஷம் ஒண்ணும் இல்லையா? அந்தக் கேள்விக்குப் பயந்து கல்யாண வீடுகளுக்கே போகாத அக்காக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மூன்று பேர் டீம்

அப்படி வந்த தம்பதிகளில் ஒரு மார்வாடி தம்பதி. பழைய கட்டுப்பாடுகளை விடாத குடும்பம். அந்தப் பெண்ணுக்குக் கருக்குழாய்களில் பழுது. சினைமுட்டையும் விந்தணுவும் சந்திக்கிற பாதையே அந்தக் குழாய்தான். பாதை அடைபட்டால் இயற்கையாகக் கருத்தரிக்க வழியில்லை.

பாதையைத் தவிர்த்து, முட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, மறுபடி கருப்பைக்குள் வைத்தால் என்ன? இதே கேள்வியோடு இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ இருவரும் பல வருஷமாக முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். கல்கத்தாவில் அதே வேலையைச் செய்தது மூன்று பேர் டீம். டாக்டர் சுபாஷ். அவரோடு, உறைநிலை நுட்பம் தெரிந்த சுனித் முகர்ஜி. மூன்றாவது ஆள், மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா.

இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அவர்கள் போட்ட டிசைன் ரொம்பப் பிடிக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் விஷயம், இயற்கையாக ஒரு மாதத்தில் பொதுவாக ஒரு முட்டைதான் முதிரும். இங்கிலாந்துக் குழு அந்த ஒரு முட்டையை நம்பித்தான் வெற்றி கண்டது. சுபாஷ் ஹார்மோன் ஊசி கொடுத்துப் பல முட்டைகளை முதிர வைத்தார். ஒரே ஒரு சாம்பிளை நம்பி எக்ஸ்பெரிமெண்ட் செய்வதற்கும், நாலைந்து சாம்பிள் வைத்துச் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இரண்டாவது, முட்டையை எடுக்கும் வழி. இங்கிலாந்தில் வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப் வழியாக எடுத்தார்கள். சுபாஷின் குழு வயிற்றைத் தொடவில்லை. பிறப்புப் பாதை வழியாகவே எடுத்தது. இன்றைக்கு உலகம் முழுக்க முட்டை எடுப்பது அந்தப் பாதை வழியாகத்தான். இப்போது அல்ட்ராசவுண்ட் துணைக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். ஹார்மோன் ஊசி போட்ட அதே மாதத்தில் கருப்பை கருவை ஏற்கும் நிலையில் இருக்காது என்று சுபாஷ் கணித்தார். அப்படியானால் கருவைக் காத்திருக்க வைக்க வேண்டும். எப்படி? உறைய வைத்து. ஆனால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் பனிப்படிகமாகி, ஊசி மாதிரி செல்லையே கிழித்துவிடும். அதைத் தடுக்க டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற வேதிப்பொருளைப் பாதுகாப்புக்குச் சேர்த்து, கருவை உறைய வைத்தார்கள். 53 நாள் அந்தக் கரு உறைநிலையில் இருந்தது. பிறகு உருக்கி, வேறொரு இயற்கையான சுழற்சியில் தாயின் கருப்பைக்குள் வைத்தார்கள். உலகத்தின் மற்ற இடங்களில் உறைகருவில் இருந்து குழந்தை பிறந்ததாகப் பதிவானது 1984-ல்தான், ஆஸ்திரேலியாவில்.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை. சரியாக 70 நாள் கழித்து, 1978 அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நவராத்திரி தொடங்கும் நாள். நம்ம பக்கம் குலசை தசராவுக்குக் கொடியேறும் நாள். வங்காளத்தில் துர்கா பூஜைக் காலம். குழந்தைக்குத் துர்கா என்றே பெயர் வந்தது.

பெயர் வெளியே வரக்கூடாது

இந்த இடத்தில்தான் கதை மாறுகிறது.

லூயிஸ் பிரவுனின் அப்பா, அம்மா பெயர் உலகத்துக்கே தெரியும். குழந்தையின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. துர்காவின் பெற்றோர் அதற்குத் தயாராக இல்லை. உறவுக்காரர்களும் ஊரும் என்ன சொல்லும்? கண்ணாடிக் குழாயில் பிறந்த பிள்ளை என்று அந்தக் குழந்தையை ஒதுக்கிவிட்டால்? நாளைக்கு அவளுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது? பல வருஷ ஏக்கத்துக்குப் பிறகு வந்த குழந்தையைக் காப்பாற்றுவதுதான் அவர்களுக்கு முதல் கடமை. அதனால் வெளியே வரத் தயங்கினார்கள்.

சுபாஷ் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தத் தம்பதியை ஊர் முன்னால் நிறுத்தியிருந்தால் பாதிப் பேராவது வாயை மூடியிருப்பார்கள். அவர் அதைச் செய்யவில்லை. தன் பேஷன்ட்டுக்குக் கொடுத்த நம்பிக்கையை, தன் கண்டுபிடிப்பை நிரூபிப்பதற்காக விற்கவில்லை.

குழந்தையின்மை சிகிச்சையில் கருணை என்றால் என்ன என்று இதை வைத்து யோசிக்கலாம். இனிமையாகப் பேசுவது, தோளைத் தட்டிக் கொடுப்பது மட்டும் இல்லை. வருகிற தம்பதியின் நம்பிக்கை, வெட்கம், பயம் எல்லாவற்றையும் சேர்த்து அவர்களை ஏற்றுக்கொள்வது.

இதற்கு வேறு ஒரு ஊரில் இருந்து உதாரணம் சொல்கிறேன். பைபிள் படித்தவர்களுக்கு அன்னாள் கதை தெரியும். பிள்ளை இல்லாமல் ஆலயத்தில் அழுது ஜெபித்து, சாமுவேலைப் பெற்ற தாய். பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதை. அந்த வேதத்தை நம்மைவிடப் பல நூற்றாண்டு முன்பிருந்தே படித்து வரும் யூதர்களில், மதச் சட்டத்தை வரிக்கு வரி பின்பற்றும் தம்பதிகள் இருக்கிறார்கள். பிள்ளை பெறுவது அவர்களுக்கு இறைக்கட்டளை. ஆனால் எந்த நாளில் கணவன் மனைவி சேரலாம், எந்தப் பரிசோதனையை எப்படிச் செய்யலாம் என்பதற்கும் விதிகள் உண்டு. வேறு யாருடைய விந்தோ முட்டையோ தவறிக் கலந்துவிடுமோ என்ற பயமும் உண்டு.

இவர்களுக்காக 1990-ல் ஜெருசலேமில் புவா என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. யாத்திராகமத்தில் வரும் மருத்துவச்சி பூவாளின் பெயர்தான் அது. அங்கே மதகுருக்கள் மருத்துவமும் கற்றுக்கொண்டு, டாக்டருக்கும் தம்பதிக்கும் நடுவில் நின்று வழி சொல்கிறார்கள். ஆய்வகத்தில் மாதிரிகள் மாறாமல் இருக்கப் பயிற்சி பெற்ற பெண்கள் கூடவே இருந்து கண்காணிக்கிறார்கள். இன்ஜினியரிங் பாஷையில் சொன்னால் ஒரு எக்ஸ்ட்ரா குவாலிட்டி செக். அந்தத் தம்பதிகள் நன்றி சொல்வது குழந்தைக்காக மட்டும் இல்லை. சாமியா, டாக்டரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல் இருந்ததற்கும் சேர்த்துத்தான்.

கல்கத்தாவில் சுபாஷுக்கு இந்த மாதிரி ஒரு அமைப்பு துணைக்கு இல்லை. தனி ஆளாக அந்தக் குடும்பத்தின் பயத்தை மதித்தார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது.

ரிவ்யூ பேனல்

துர்கா பிறந்த செய்தி வந்ததும் அரசு அறிக்கை கேட்டது. சுபாஷ் கொடுத்தார். பிறகு 1978 நவம்பரில் விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவுக்குத் தலைவர் ஒரு கதிரியக்க இயற்பியலாளர். கருவாக்கத்தை ஆய்வகத்தில் செய்து பார்த்த அனுபவம் குழுவில் யாருக்கும் இல்லை. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வேறு டிபார்ட்மெண்ட்டில் இருந்து பேனல் வந்து, பேசிக் கேள்வியாகக் கேட்டு, கடைசியில் இதெல்லாம் ஒர்க் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? நமக்குப் போவது சில மார்க். அவருக்குப் போனது வாழ்நாள் உழைப்பு. அவர் சொன்னது பொய் என்று குழு முடிவு செய்தது.

அவர் தன் வேலையை விரிவான கட்டுரையாக வெளியிடவில்லை என்று சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. இந்திய உறைநிலை அறிவியல் இதழ் ஒன்றில் 1978-ல் ஒரு சிறு குறிப்புதான் வந்தது. ஆனால் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் லான்செட் இதழில் எழுதியதும் ஒரு சின்னக் கடிதம்தான். அவர்களுக்கு அதற்குப் பிறகு எழுதவும் பேசவும் மேடை கிடைத்தது. சுபாஷுக்குக் கிடைக்கவில்லை. ஜப்பானில் கியோட்டோவுக்கு வந்து தன் ஆய்வை விளக்கும்படி அழைப்பு வந்தது. 1979-ல் அரசு அனுமதி மறுத்துவிட்டது. டிரான்ஸ்ஃபர்கள் வந்தன. இதய நோயும் வந்தது. 1981 ஜூனில் அவரைக் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றினார்கள். வாழ்நாள் முழுக்க இனப்பெருக்க ஹார்மோன் படித்தவருக்குக் கண் துறையில் வேலை.

1981 ஜூன் 19 அன்று, 50 வயதில், சுபாஷ் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவர் மனைவி நமிதா, பள்ளி ஆசிரியை, தனியாக நின்றார்.

அந்த நாட்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச இன்னும் நாலு பேர் இருந்திருக்கலாம் என்றுதான் இதைப் படிக்கும்போது தோன்றுகிறது. இதை வாசிக்கிற யாருக்காவது மனசு ரொம்பப் பாரமாக இருந்தால், தயவுசெய்து தனியாகச் சுமக்காதீர்கள். நண்பரிடம் பேசுங்கள். 104 அல்லது 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

பட்டத்தை விட்டுக்கொடுத்தவர்

அவர் கதையை வைத்து வங்காளத்தில் நாவல் வந்தது. 1990-ல் தபன் சின்ஹா இந்தியில் ஒரு சினிமாவும் எடுத்தார். ஆனால் அறிவியல் உலகம் அசையவில்லை. 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் ஹர்ஷா என்ற குழந்தை பிறந்தது. விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமாரும் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் சேர்ந்து செய்த சாதனை. முறையாக ஆவணப்படுத்தப்பட்டதால், இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை ஹர்ஷா என்றே பாடப்புத்தகங்களில் ஏறியது. 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் குழந்தையைக் கொண்டுவந்தார். சுபாஷ் பெயர் எந்த லிஸ்ட்டிலும் இல்லை.

1997-ல் ஆனந்த் குமார் ஒரு மாநாட்டுக்காகக் கல்கத்தா போனார். அங்கே சுபாஷ் கைப்பட எழுதிய குறிப்புகளும் கடிதங்களும் அவர் கைக்கு வந்தன. உட்கார்ந்து படித்தார். துர்காவின் பெற்றோரையும் சந்தித்தார். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது: தனக்கு எட்டு வருஷம் முன்பே இந்த மனிதர் இதைச் செய்திருக்கிறார்.

அந்தக் குறிப்புகளை மூடி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முதல்வர் என்ற பட்டம் அவரிடமே இருந்திருக்கும். ஆனால் ஆனந்த் குமார் அதே வருஷம் ஏப்ரலில் கரண்ட் சயின்ஸ் இதழில் கட்டுரை எழுதினார். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தையை உருவாக்கியவர் சுபாஷ் முகர்ஜிதான் என்று எழுதி, தன் பட்டத்தைத் தானே இறக்கி வைத்தார். இன்னொருத்தர் ஐடியாவில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது சாதாரணமாகிவிட்ட காலத்தில் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பின்னால் சுபாஷின் பணியை ஏற்றுக்கொண்டது.

துர்கா பேசினாள்

நன்றி சொல்ல வேண்டிய ஒருத்தி மிச்சம் இருந்தாள்.

துர்கா வளர்ந்து பெரியவளானாள். அவளுடைய உண்மையான பெயர் கனுப்ரியா அகர்வால். 2003-ல், தன் 25 வயதில், சுபாஷின் நினைவாக நடந்த நிகழ்ச்சியில் முதல்முறையாக ஊர் முன்னால் வந்து நின்றாள். நான்தான் அந்தக் குழந்தை என்று தன்னை அடையாளம் காட்டிக்கொண்டாள். தன்னை உலகத்துக்குக் கொண்டுவந்த டாக்டரைப் பற்றிப் பேசினாள். அவள் பெற்றோர் 1978-ல் வெளியே சொல்ல முடியாமல் அடக்கி வைத்த நன்றியை, அந்த நன்றியின் உயிருள்ள சாட்சியான மகளே வந்து சொன்னாள். கேட்க வேண்டியவர் போய் 22 வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் பெற்றோரைக் குறை சொல்வது சுலபம். அன்றே வந்து பேசியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரே என்று கேட்கலாம். ஆனால் அவர்களைப் பேச விடாமல் செய்தது எது? குழந்தை இல்லாததையும் குற்றமாக்கி, சிகிச்சை எடுத்துக் குழந்தை பெற்றதையும் ரகசியமாக்கிய ஊர்வாய்தானே. அந்த ஊர்வாய் 1978 கல்கத்தாவில் மட்டும் இருந்தது இல்லை. தாமிரபரணிக் கரையிலும் இருக்கிறது. இன்றும் திருநெல்வேலியில் சிகிச்சை எடுக்கிறவர்களில் பலர், தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ பஸ் ஏறுகிறார்கள்.

2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், தம்பதிகளின் விவரத்தை ரகசியமாகக் காப்பது மையத்தின் கடமை என்று சொல்கிறது. எந்தச் சட்டமும் சொல்வதற்கு முன்னாலேயே ஒரு டாக்டர் அதைச் செய்தார், தன் பெயரே போகும் என்று தெரிந்தும்.

2010-ல் ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுபாஷுக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போனது. ஆனால் ஹார்மோன் ஊசி, பிறப்புப் பாதை வழியாக முட்டை எடுப்பது, கருவை உறைய வைத்துக் காத்திருப்பது என்று அவர் கையாண்ட வழிகள் இன்றைக்கு நம்ம ஊர் மையங்களிலும் அன்றாட வேலை. முளைக்கட்டுப் பயறை மடியில் வாங்கிக்கொண்டு, நைட்ரஜன் தொட்டிக்குள் காத்திருக்கும் தன் கருவுக்காக வேண்டிக்கொள்ளும் பெண்ணுக்குச் சுபாஷ் முகோபாத்யாய் யார் என்று தெரியாமல் இருக்கலாம். அடுத்த தடவை வீட்டில் யாராவது சோதனைக்குழாய் குழந்தை என்று தாழ்வாகப் பேசினால், நமக்காவது அவர் பெயர் ஞாபகம் வரட்டும். விசேஷம் இல்லையா என்ற கேள்வியை நம்ம தலைமுறையாவது கேட்காமல் இருப்போம். அதுதான் நாம் அவருக்குச் சொல்லக்கூடிய நன்றி.